கிரான் ரிசர்வாவில் நாம் சுவைப்பது காலத்தையா, தோட்டத்தையா?

ஆற்றங்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்பெயினின் வடக்கே பில்பாவோவில் வேலை பார்க்கிறேன். இங்கே ஆண்டின் பெரும்பகுதி மூட்டமும் தூறலும்தான். தெற்கே கந்தாப்ரியா மலைத்தொடரைத் தாண்டி இறங்கினால் வானம் திறந்துகொள்கிறது. எப்ரோ ஆறு வரை திராட்சைக் கொடிகள். அதுதான் ரியோஹா.

அண்மையில் ஆரோ என்ற ஊரில் 2005-ஆம் ஆண்டு அறுவடையின் கிரான் ரிசர்வா ஒன்றை, அதாவது நெடுங்காலம் முதிர்த்த ஒயின் ஒன்றைச் சுவைத்தேன். சிவப்பு ஒயின் என்றால் கறுத்த ஊதா நிறத்தையே எதிர்பார்ப்போம். இதன் விளிம்போ செங்கல் நிறமாக இருந்தது. பழத்தின் இனிமையைவிட உலர்ந்த அத்தி, தோல், புகையிலை, பழைய மரப்பெட்டி ஆகியவற்றின் மணம்தான் முன்னால் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது. உடன் வந்த ஸ்பானிய நண்பரோ, "இது தாத்தாக்களின் ஒயின். இதில் மரமும் வயதும்தான் இருக்கின்றன, மண்ணே இல்லை" என்றார். அதே ஆண்டின் புட்டிகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. இந்த மணங்கள் ஒயின் இறங்குமுகத்தில் இருப்பதன் அடையாளமா? நண்பர் சொன்னதில் எவ்வளவு உண்மை?

கொடிமுந்திரி:

வாருங்கள் ஆற்றங்கரையான். முதலில் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் கண்ட நிறம் நல்ல முதுமையின் நிறம். சிவப்பு ஒயினுக்கு நிறம் தருவது திராட்சைத் தோலில் உள்ள நிறமிகள். அவை டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு மெல்ல மெல்லச் சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. அவற்றில் ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்குகிறது. அதனால் ஆண்டுகள் ஏற ஏற நிறம் வெளிறி, ஊதா போய்ச் செம்மை, செம்மை போய்ச் செங்கல் நிறம் என்று மாறும். நாக்கைப் பிடித்திழுக்கும் துவர்ப்பும் கூடவே தணியும். நம் வீட்டுப் பழம்புளி வயதாக ஆக நிறம் கறுக்கும், இது வெளுக்கும். ஆனால் புளிப்பின் முனை மழுங்கி ஆழம் கூடுவது இரண்டிலும் ஒன்றுதான்.

2005 ரியோஹாவின் ஒழுங்குமுறைக் குழு "மிகச் சிறப்பு" என்று மதிப்பிட்ட அறுவடை. 1964, 1982, 1994, 1995, 2001, 2004, 2010 ஆகியவையும் அந்த வரிசையில் வருபவை. 1964-இன் புட்டிகளை இன்றும் தேடித் திரிகிறவர்கள் உண்டு. உங்கள் 2005 நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருந்தால் அதன் நல்ல பருவத்தில்தான் இருக்கிறது.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதியவர்களும் படிப்பார்கள். ரியோஹாவில் சிவப்பு கிரான் ரிசர்வா என்று எழுத வேண்டுமானால் ஒயின் குறைந்தது ஐந்து ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஓக் பீப்பாயிலும் இரண்டு ஆண்டுகள் புட்டியிலும் கழிய வேண்டும். ரிசர்வாவுக்கு மூன்று ஆண்டுகள், அதில் ஓராண்டு பீப்பாய். கிரியான்ஸாவுக்கு இரண்டு ஆண்டுகள், அதிலும் ஓராண்டு பீப்பாய். பீப்பாய் 225 லிட்டர் கொள்ளளவு கொண்டது. புட்டியின் பின்புறம் ஒட்டப்படும் முத்திரையின் நிறத்தைப் பார்த்தே வகையை அறியலாம்; கிரான் ரிசர்வாவுக்கு அடர்நீலம். இவை குறைந்தபட்சக் கணக்குகள்தாம். நல்ல பொதேகாக்கள், அதாவது ஒயின் தயாரிக்கும் இல்லங்கள், இதைவிட நெடுங்காலம் காத்திருக்கின்றன.

செவ்வந்தி:

நான் லண்டனில் ஒயின் விற்பனைத் துறையில் இருக்கிறேன். "தாத்தாக்களின் ஒயின்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் நண்பர் அப்படிப் பேசமாட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ரியோஹா ஒயின் பெரும்பாலும் அந்தந்த ஆண்டே குடித்துத் தீர்க்கும் ஒயினாக இருந்தது. தொலைவுக்கு அனுப்பினால் கெட்டுவிடும். பெரு நாட்டில் பிறந்த லூசியானோ முர்ரியேத்தா பிரான்சின் போர்தோ நகரில் முறை கற்றுவந்து, லொக்ரோன்யோவில் செய்த ஒயினை 1852-இல் பீப்பாய்களில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பினார். பின்னாளில் மார்க்கேஸ் தெ முர்ரியேத்தா ஆனவர் இவர்தான். எல்சியேகோ ஊரில் மார்க்கேஸ் தெ ரிஸ்கால் இல்லம் 1858-இல் தொடங்கியது. அலவா மாநில ஆட்சி தன் விவசாயிகளுக்குப் போர்தோ முறையைக் கற்றுக்கொடுக்க 1862-இல் ழான் பினோ என்ற பிரெஞ்சு வல்லுநரை அழைத்துவந்தது. பீப்பாய்ச் செலவும் காத்திருப்பும் சிறு விவசாயிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. ரிஸ்கால் இல்லம் அவரைத் தன்னிடம் அமர்த்திக்கொண்டது. 1895-இல் போர்தோ கண்காட்சியிலேயே, பிரெஞ்சுக்காரர்களின் சொந்த மண்ணிலேயே, ரிஸ்கால் ஒயின் கௌரவப் பட்டயம் பெற்றது.

இடையில் இரண்டு செய்திகள் கூடிவந்தன. 1860-களில் ரயில் பாதை ஆரோவைத் தொட்டது. அதே காலத்தில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. சரக்கில்லாமல் தவித்த பிரெஞ்சு வணிகர்கள் மலை தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். ஆரோவின் ரயில் நிலையத்தைச் சுற்றி லோப்பஸ் தெ எரேதியா (1877), குனே (1879), லா ரியோஹா ஆல்தா (1890) என்று பொதேகாக்கள் எழுந்தன. தெருவுக்கு மின்விளக்கு கண்ட முதல் ஸ்பானிய ஊர்களில் ஆரோவும் ஒன்று என்றால் அந்தப் பணப்புழக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது, அது தனிக் கதை.

நான் சொல்லவருவது இதுதான். பீப்பாயில் முதிர்த்தல் ரியோஹாவுக்குப் பூச்சு வேலையாக வந்ததில்லை. அந்த ஊர் உலகத்தோடு பேசத் தொடங்கியதே அதனால்தான். உலகின் பெரும்பாலான இடங்களில் ஒயினை வாங்கியவர் வைத்துக் காத்திருக்க வேண்டும். ரியோஹாவில் காத்திருக்கும் செலவைப் பொதேகா ஏற்றுக்கொள்கிறது. வாங்கும் அன்றே திறக்கலாம். இது குடிப்பவர் மேல் காட்டும் பெரிய மரியாதை என்று நான் கருதுகிறேன்.

வடமலை:

செவ்வந்தி அம்மா வரலாற்றை அழகாகச் சொன்னார். ஆனால் ஆற்றங்கரையானின் நண்பர் எழுப்பிய கேள்விக்கு அது பதிலாகவில்லை.

கிரான் ரிசர்வா என்ற சொல் எதற்கு உறுதி தருகிறது? மாதங்களுக்கு மட்டும். கொடி எந்தச் சரிவில் நின்றது, மண் சுண்ணாம்பா செங்களிமண்ணா வண்டலா, கொடிக்கு வயது பத்தா எழுபதா? எதையும் அது சொல்வதில்லை. சமவெளியில் அள்ளிக் காய்த்த திராட்சையையும் பீப்பாயில் இரண்டாண்டு படுக்கவைத்தால் அதே நீல முத்திரை கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் மிக மலிவாகக் கிரான் ரிசர்வா கிடைப்பதன் காரணம் இதுதான். அதைக் குடித்தால் வனிலாவும் தேங்காயும் கலந்த அமெரிக்க ஓக் மணம் வரும். அடியில் ஒன்றும் இருக்காது.

இதை வெளியாட்கள் மட்டும் சொல்லவில்லை. ரியோஹாவுக்குள் அலவா மாநிலத்தில் அடங்கும் அலவேசாப் பகுதியின் ஆர்த்தாதி இல்லம் 2015 இறுதியில் ரியோஹா என்ற பெயரையே துறந்து வெளியேறியது. தோட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் முன்னால் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அழுத்தம் கூடியதால் 2017-இல் ஒழுங்குமுறைக் குழுவே தனித்தோட்ட ஒயின் என்ற வகையைக் கொண்டுவந்தது. அதற்குக் கொடியின் வயது குறைந்தது 35; அறுவடை கையால்; ஹெக்டேருக்கு விளைச்சலும் சாதாரண வரம்பைவிடக் குறைவு. இந்த விதிகள் மண்ணைப் பார்க்கின்றன. பழைய விதிகள் நாட்காட்டியைப் பார்த்தன.

ரியோஹாவின் முதன்மைத் திராட்சையான டெம்ப்ரானியோவின் இயல்பையும் பாருங்கள். சீக்கிரம் பழுக்கும், புளிப்பு மிதமானது, தனக்கென்று உரத்த மணம் இல்லை. வளர்ந்த இடத்தின் குணத்தையும் வைத்த கலத்தின் குணத்தையும் எளிதில் வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட திராட்சையை நெடுநாள் மரத்தில் போட்டால் எது மிஞ்சும்?

கொடிமுந்திரி:

வடமலை அண்ணா, மலிவுச் சரக்கைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. மரத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் மறுக்கிறேன்.

பழைய ரியோஹா இல்லங்கள் புதுப் பீப்பாயை நம்பியவை அல்ல. ஓக் மரம் முதல் சில ஆண்டுகளில்தான் தன் மணத்தை அள்ளிக் கொடுக்கும். பிறகு அது வெறும் கலம். மர நுண்துளைகள் வழியே காற்று மிக மெல்ல உள்ளே செல்ல, ஒயின் முதிர்கிறது. லோப்பஸ் தெ எரேதியாவில் பல பத்தாண்டுப் பழமையான பீப்பாய்களை இன்றும் பயன்படுத்துகிறார்கள். பழுது பார்க்கவும் புதிதாகச் செய்யவும் இல்லத்திலேயே பீப்பாய்த் தச்சர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஆறு ஆண்டுகள் பீப்பாயில் கிடந்த அவர்களுடைய தொந்தோனியா ரிசர்வாவில்கூட மரம் மேலெழுந்து நிற்பதில்லை.

இன்னொன்று, ஒயினைப் பீப்பாய் மாற்றும் வேலை. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயினைத் தெளிவாக வடித்து வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். பம்பு இல்லை, உயரத்திலிருந்து தாழ்வுக்குத் தானாக வழியவிடுவார்கள். ஒருவர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கண்ணாடிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, வண்டல் கலங்கி வரும் கணத்தில் நிறுத்திவிடுவார். லா ரியோஹா ஆல்தாவிலும் மூகா என்ற பொதேகாவிலும் இன்றும் இப்படித்தான். மூகாவில் தெளியவைப்பதற்கு முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்துகிறார்கள். இத்தனை பொறுமையும் சேர்ந்துதான் அந்தப் பட்டுபோன்ற பதம் வருகிறது. இதை நாட்காட்டி வேலை என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து, டெம்ப்ரானியோ பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை. கிராசியானோ புளிப்பும் நறுமணமும் தருகிறது. மசுவேலோ புளிப்போடு துவர்ப்பையும் சேர்க்கிறது. கிழக்கே, வெயில் கூடிய பகுதியில் விளையும் கார்நாச்சா உடலும் சூடும் தருகிறது. நெடுங்காலம் தாங்கும் ஒயினுக்குப் புளிப்பே முதுகெலும்பு. அதைத் தருவது இந்தத் துணைத் திராட்சைகளும், அட்லாண்டிக் பக்கத்திலிருந்து வரும் குளிர்ச்சியும், தோட்டத்தின் உயரமும். நல்ல இடத்தில் விளையாத திராட்சை அந்த மரத்தில் அத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்காது. வயதே தோட்டத்துக்கு வைக்கும் தேர்வு என்று சொல்வேன்.

செவ்வந்தி:

கொடிமுந்திரியின் கடைசி வரியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொந்தோனியா என்பது ஒரு தோட்டத்தின் பெயர். எப்ரோ ஆறு ஆரோவுக்கு அருகே வளைந்து ஓடும் இடத்தில், நூறு ஹெக்டேருக்கும் மேல். அதன் கிரான் ரிசர்வா அறுவடைக்கு இருபது ஆண்டுகள் கழித்துக் கடைக்கு வந்ததும் உண்டு. முர்ரியேத்தா இல்லத்தின் காஸ்தியோ இகாய் என்ற ஒயினுக்கு டெம்ப்ரானியோ வருவது அவர்களுடைய இகாய் பண்ணையின் மேட்டில் உள்ள ஒரே தோட்டப் பகுதியிலிருந்து. அதோடு மசுவேலோ சேர்கிறது. அதன் 2010 அறுவடையை அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழ் 2020-இன் சிறந்த ஒயினாகத் தேர்ந்தெடுத்தது. 1973-இல் தொடங்கிய கோந்தினோ இல்லமும் சொந்தப் பண்ணைத் திராட்சையில் மட்டுமே ஒயின் செய்கிறது. கிரான் ரிசர்வாவும் செய்கிறது. ஆக, காலமும் தோட்டமும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல.

பல ஊர்த் திராட்சைகளைக் கலப்பதையும் நான் குறைவாக எண்ணமாட்டேன். குளிர்ந்த ஆண்டில் கிழக்கு கைகொடுக்கும், வெப்ப ஆண்டில் மேற்கு கைகொடுக்கும். அந்தத் திறமையால்தான் குனேயின் இம்பீரியல் போன்ற பெயர்கள் நிலைத்தன. இம்பீரியல் கிரான் ரிசர்வா 2004-ஐயும் அதே இதழ் 2013-இல் முதலிடத்தில் வைத்தது.

நளபாகம்:

விவாதத்தின் நடுவே ஒரு சமையல்காரரின் குறிப்பு. இந்த ஒயினை வெறுமனே குடித்துத் தீர்ப்பளிக்காதீர்கள். ரியோஹாவில் கத்தரித்த திராட்சைக் கொடிகளையே விறகாக எரித்து, அந்தக் கனலில் சிறு ஆட்டுக்குட்டி விலாத்துண்டுகளை வாட்டுவார்கள். உப்பு மட்டும்தான். அதோடு ஒரு முதிர்ந்த கிரான் ரிசர்வாவைச் சுவைத்தால் இந்த இழையில் பாதிக் கேள்விகள் எழாது. காரமும் புளியும் தூக்கலான குழம்போடு மட்டும் வேண்டாம். மெல்லிய மணங்களெல்லாம் அடிபட்டுவிடும். காளான், ஆட்டுப்பால் சீஸ், வெங்காயம் போட்டு மெல்ல வெந்த கறி, இவையெல்லாம் பொருந்தும்.

ஒரு மனக்குறையும் உண்டு. வெப்பமான ஒரு நகரத்தில், பேர்பெற்ற கடை ஒன்றில், கண்ணாடி அலமாரியில் விளக்கொளிபட நிமிர்த்தி வைத்திருந்த பழைய புட்டியை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். திறந்தால் காடி வாடை. தக்கை காய்ந்து சுருங்கியிருந்தது. இருபது ஆண்டுகள் ஒருவர் நிலவறையில் பாதுகாத்ததை, கடைசிச் சில மாதங்களில் வெளிச்சமும் சூடும் அழித்துவிட்டன. அந்த உழைப்பு வீணானதுதான் எனக்குப் பணத்தைவிட அதிகமாக வலித்தது.

ஆற்றங்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. என் புட்டிகள் இருட்டான அறையில் படுக்கைவாட்டில்தான் இருக்கின்றன. திறக்கும் முறையைச் சொல்ல முடியுமா? ஒரு புட்டியைச் சுற்றிப் பொன்நிறக் கம்பி வலை இருக்கிறது. அதற்கு ஏதாவது பயன் உண்டா?

கொடிமுந்திரி:

வலை பழைய நாளில் மோசடியைத் தடுக்க வந்தது. பேர்பெற்ற இல்லத்தின் காலிப் புட்டியில் மட்டமான ஒயினை நிரப்பி விற்றார்கள். வலையை அறுக்காமல் தக்கையை எடுக்க முடியாது என்பதால் ரிஸ்கால் போன்ற இல்லங்கள் அதைச் சுற்றின. இன்று அலங்காரம்தான். வெட்டிவிடுங்கள்.

முந்தைய நாளே புட்டியை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் சேரட்டும். பழைய தக்கை உதிரும். திருகாணியை நேராக, ஆழமாகச் செலுத்தி மெல்ல இழுங்கள். இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் இறக்கித் தக்கையை அணைத்து எடுக்கும் கருவி கிடைத்தால் அதுவே நல்லது. 16 முதல் 18 பாகை செல்சியஸில் பரிமாறுங்கள். கோடையில் அறை வெப்பத்தில் கொடுத்தால் சாராய வீச்சு மட்டுமே தெரியும்.

வேறு கலத்துக்கு மாற்றுவதானால் வண்டலைப் பிரிக்க மட்டும் மாற்றுங்கள், கழுத்துக்குக் கீழே விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டே. இளம் ஒயினுக்குச் செய்வதுபோல் மணிக்கணக்கில் காற்றாட விட வேண்டாம். இந்த ஒயின் ஏற்கெனவே போதுமான காற்றைக் கண்டுவிட்டது. கோப்பையில் ஊற்றி, அவசரப்படாமல், அது மாறுவதைக் கவனியுங்கள். ஈரமான பழைய அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் அது தக்கைக் கேடு; அதற்கும் வயதுக்கும் தொடர்பில்லை.

வடமலை:

தொந்தோனியா, இகாய், கோந்தினோ ஆகியவற்றை மனமார ஒப்புக்கொள்கிறேன். அவை தோட்டத்தைக் காலத்தின் வழியே காட்டுகின்றன. என் மனத்தாங்கல் சட்டத்தின் மேல்தான். தோட்டமே இல்லாத ஒயினுக்கும் அதே பெயரைக் கொடுக்கும்போது, நல்ல இல்லத்தின் உழைப்பும் சேர்ந்து மலிவாகிறது. இருபது ஆண்டுகள் காத்திருக்கும் இல்லமும், ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் விற்கும் இல்லமும் ஒரே நீல முத்திரையில் நிற்கின்றன. இது நியாயமில்லை.

டெம்ப்ரானியோவைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ரியோஹாவோடு நின்றுவிடவும் கூடாது. துவேரோ ஆற்றங்கரைக்குப் போங்கள். அங்கே அதே திராட்சைக்குத் தின்தோ ஃபினோ என்று பெயர்; போர்ச்சுகலில் தின்தா ரோரிஸ். அந்தக் கரையின் ரிபேரா தெல் துவேரோ பகுதியில் தோட்டங்கள் பெரும்பாலும் 750 மீட்டருக்கு மேல். பகல் கொளுத்தும், இரவு நடுக்கும். தோல் தடித்து, நிறம் கறுத்து, ஒயின் இறுகிய உடலோடு வரும். 1864-இல் தொடங்கிய வேகா சிசிலியா இல்லத்தின் உனிகோ என்ற ஒயின் பல ஆண்டுகள் மரத்திலும் புட்டியிலும் கிடந்த பிறகும் ரியோஹாபோல் இளகுவதில்லை. முதிர்த்தலும் நீண்டது, திராட்சையும் ஒன்று, கிடைப்பதோ வேறு முகம். மண்ணும் உயரமும்தான் அந்த வேறுபாட்டைச் செய்தன.

செவ்வந்தி:

சட்டத்தைப் பற்றிய உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. கடையில் வாடிக்கையாளர் "எந்தக் கிரான் ரிசர்வாவும் ஒன்றுதானே" என்று கேட்கும்போதெல்லாம் அது எழுகிறது. என் பதில், முத்திரையைப் பார்த்தபின் இல்லத்தின் பெயரைப் பாருங்கள், அதன்பின் ஆண்டைப் பாருங்கள் என்பதே. சில நல்ல இல்லங்கள் மோசமான ஆண்டுகளில் கிரான் ரிசர்வாவே செய்வதில்லை. அந்த மறுப்பைத்தான் நான் முதலில் மதிக்கிறேன்.

ஆற்றங்கரையான்:

முடிவு செய்துவிட்டேன். ஒரு 2005 கிரான் ரிசர்வாவை நண்பர் வீட்டில் ஆட்டு விலா வாட்டும் நாளில் திறக்கிறேன். பக்கத்தில் அவருக்குப் பிடித்த அலவேசா தனித்தோட்ட ஒயின் ஒன்றையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வடமலை ஐயா, அங்கே எந்த ஊரின் ஒயினை வாங்கிவரச் சொல்லலாம்?

வடமலை:

மலையடிவாரத்து ஊர்களைக் கேளுங்கள். லாகுவார்தியா, எல்வில்யார், லான்சியேகோ. அங்கெல்லாம் சுண்ணாம்புக் களிமண். டெம்ப்ரானியோ நிமிர்ந்து நிற்கும். இளம் ஒயின் என்றால் அதை இரண்டு மணி நேரம் முன்பே திறந்துவிடுங்கள். கிரான் ரிசர்வாவை உட்கார்ந்தபின் திறங்கள்.